ஒல்லி டயர் சைக்கிள் வாங்கிய கதை

"பையனுக்கா சார், பொண்ணுக்கா?" என்று கேட்டார் சைக்கிள் கடைக்காரர்.

கேட்டது என் வீட்டுக்காரர் சண்முகத்தை. நான் ஒரு முழம் தள்ளித்தான் நின்றிருந்தேன். என் கையில் ஒரு சீட்டு இருந்தது. வண்டி எத்தனை கிலோ, டயர் எவ்வளவு அகலம், பின்னால் கேரியர் மாட்ட ஃபிரேமில் ஓட்டை இருக்கிறதா என்று ஆறு கேள்விகள் எழுதி வைத்திருந்தேன்.

"எனக்குத்தான்" என்றேன்.

கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடியும் சண்முகத்திடம் திரும்பினார். "மேடத்துக்குன்னா முன்னாடி கூடை வெச்சது இருக்குது சார். பிங்க் கலர். துணி கினி மாட்டாது."

"கூடை வேணாங்க. ஒல்லி டயர் வெச்ச ரோடு பைக் வேணும். தினம் போக வர இருபத்தஞ்சு கிலோமீட்டர் ஓட்டணும்."

"அதெல்லாம் ரேஸ் ஓட்டுறவங்களுக்கு சார்." இதையும் சண்முகத்திடம்தான் சொன்னார். "நம்ம ரோட்டுக்குத் தாங்காது. இத பாருங்க. தடி டயரு, முன்னாடி ஷாக் அப்சார்பர், ரெண்டு பக்கமும் டிஸ்க் பிரேக். மலையே ஏறும் சார்."

காஞ்சிபுரத்தில் எந்த மலை என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் சண்முகம், "ஆமா சார், நல்லா ஸ்ட்ராங்கா இருக்குது" என்று அந்த வண்டியின் சீட்டை இரண்டு தட்டுத் தட்டினார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஏனென்றால் சண்முகத்துக்கு சைக்கிள் ஓட்டவே தெரியாது.

அவர் பட்டு நெய்கிறவர். வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளித் தறிக்கூடம். செருப்புப் போடாமலே வேலைக்குப் போய் வருவார். சைக்கிளுக்கு அவசியம் வரவில்லை, கற்றுக்கொள்ளவில்லை. அது ஒரு குற்றமில்லை. ஆனால் தெருவில் யாருக்கும் அது தெரியக் கூடாது என்று நினைப்பார். கல்யாணமாகிப் பதினாறு வருடமாக நானும் வெளியில் சொன்னதில்லை. இப்போது அவரைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஓட்டத் தெரியாத ஆம்பளையிடம் மலை ஏறுகிற வண்டியைக் காட்டுகிறார்கள். ஓட்டப் போகிற பொம்பளைக்குப் பிங்க் கலர். அந்தக் கடையில் நின்ற அரை மணி நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "அம்மா, உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்?" என்று கேட்டிருந்தார். ஐயா, நீங்கள் என்னோடு ஒரு நாள் காலை ஆறு மணிக்குச் செவிலிமேடு பஸ் நிறுத்தத்தில் நின்று பாருங்கள். பிறகு பேசலாம்.

வெறும் வயிறு

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு முறை சொல்லிவிடுகிறேன். ஐயம்பேட்டையில் ஒரு சின்ன லேப்பில் நான் ரத்தம் எடுக்கிறவள். மெஷின் இரண்டு, நாற்காலி ஆறு, ஆள் நான் ஒருத்தி. காலை ஏழு மணிக்குக் கதவைத் திறக்க வேண்டும்.

ஏன் ஏழு மணி என்றால், சர்க்கரை பார்க்க வருகிறவர்கள் வெறும் வயிற்றோடு வருவார்கள். முந்தின ராத்திரி சாப்பிட்டதுதான். காபிகூடக் கிடையாது. படியில் வரிசையாக உட்கார்ந்து, என் தலை தெருமுனையில் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு நாள் நான் போய்ச் சேர எட்டே கால் ஆகிவிட்டது. காத்திருந்த ஒரு பெரியவர் மயங்கிப் படி ஓரத்தில் விழுந்து புருவம் பிளந்துவிட்டது. ரத்தம் கொடுக்கத்தான் வந்தார். நான் எடுப்பதற்கு முன்னால் படிக்கட்டு எடுத்துக்கொண்டது.

லேப் முதலாளி கத்தவில்லை. "மதி, இன்னொரு வாட்டி லேட்டாச்சின்னா நான் வேற ஆள் பாத்துக்குவேன். தப்பா நெனைக்காதம்மா" என்றார். தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? அவர் சொன்னது நியாயம். நியாயமாகப் பேசுகிறவர்கள்மேல் கோபப்பட முடியவில்லையே என்பது தனிக் கோபம்.

அன்றைக்கு பஸ் வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. நிற்கவில்லை.

நிறுத்தத்தில் ஐந்து பெண்கள் நின்றிருந்தோம். டிரைவர் எங்களைப் பார்த்தார். நாங்களும் அவரைப் பார்த்தோம். பெண்களுக்குக் கட்டணமில்லை என்று நெற்றியில் எழுதிக்கொண்டு பஸ் எங்களைத் தாண்டிப் போய், நூறு அடி தள்ளி ஒரு ஆள் கைகாட்டியதும் நின்றது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நாங்கள் போவதற்குள் கிளம்பிவிட்டது. எல்லா டிரைவரும் அப்படி இல்லை. அந்தக் காலை வண்டி டிரைவர் அப்படி. எனக்கு வாய்த்தது அந்தக் காலை வண்டிதான்.

ஷேர் ஆட்டோவோ எட்டுப் பேர் சேராமல் நகராது. ஏழு பேர் ஏறி, எட்டாவது ஆளுக்காக டீக்கடைக்காரரிடமெல்லாம் "வரீங்களா?" என்று கேட்பார்கள்.

ஸ்கூட்டர் வாங்கலாமே என்று உடனே ஒரு யோசனை சொல்வீர்கள். எங்கள் தெருவில் தவணை தவறியதற்காக இரண்டு வீட்டு ஸ்கூட்டரைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தவள் நான். அது மட்டுமில்லை. எனக்கு சைக்கிள் ஓட்டப் பிடிக்கும். பிடிக்கும் என்பது ஒரு காரணமாகாதா? ஆம்பளைகள் பிடிக்கிறது என்று எதையெல்லாம் வாங்கி வைக்கிறார்கள்!

விஜயாவின் இடது கை

சைக்கிளுக்குக் கேரியர் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்கு விஜயா ஒரு காரணம்.

விஜயா எங்களுக்கு அடுத்த தெரு. பிளவுஸ் தைப்பவள். என் வயதுதான். மார்பில் கட்டி வந்து ஆபரேஷன் ஆகி, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் அதற்கு முன்னால் ரத்தத்தில் அணுக்கள் போதுமான அளவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் மருந்தைத் தள்ளி வைத்துவிடுவார்கள்.

ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையில் ஊசி குத்தக் கூடாது. மிச்சம் இடது கை ஒன்று. அதிலும் மருந்து ஏறி ஏறி நரம்பெல்லாம் உள்ளே போய் ஒளிந்துகொண்டது. தடவித் தடவிக் கண்டுபிடித்து ஊசியை வைத்தால் நழுவும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, தைத்துக்கொண்டிருக்கும் பிளவுஸின் அளவைப் பற்றி ஏதாவது பேசுவாள். எனக்குத்தான் வேர்த்துக் கொட்டும்.

அந்த நாட்களில் காலை ஐந்தரை மணிக்கே அவள் வீட்டில் ரத்தம் எடுத்து, சின்னக் குழாயில் அடைத்து, ஐஸ் பெட்டியில் வைத்து லேப்புக்குக் கொண்டு போக வேண்டும். பஸ் கூட்டத்தில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, யார் முழங்கை இடிக்கிறது என்று பார்த்துக்கொண்டே போவேன்.

ஆக எனக்கு வேண்டிய வண்டி இதுதான். பன்னிரண்டு கிலோமீட்டரை முக்கால் மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும். கேரியர் தாங்க வேண்டும். பாதி வழியில் கழுத்தறுக்கக் கூடாது. ரிப்பேர் வந்தால் இந்த ஊரிலேயே செய்ய முடிய வேண்டும். விலை எங்களுக்குக் கட்டுப்படியாக வேண்டும். பெரிய ஆசை ஒன்றும் இல்லையே.

துணி காய்ந்த சைக்கிள்

மறுபடியும் அந்தப் பளபளக் கடைக்கு வருகிறேன். மலை ஏறுகிற வண்டியைத் தூக்கிப் பார்க்கலாமா என்று கேட்டேன். "எதுக்கு மேடம் தூக்கணும்?" என்றார் கடைக்காரர். தூக்கினேன். என்னால் ஒரு ஜாண்கூடத் தூக்க முடியவில்லை. முன்னால் இருந்த ஷாக் அப்சார்பர் மட்டுமே ஒரு குடம் தண்ணீர் கனம் இருக்கும்.

கல்லூரியில் படிக்கும்போது நான் ஓட்டியது அப்படிப்பட்ட கனத்த லேடீஸ் சைக்கிள்தான். எதிர்க்காற்றில் மிதித்து மிதித்துத் தொடை கல்லாகிவிடும். கல்யாணம் நிச்சயமான வாரமே அப்பா அதை விற்றுவிட்டார். "புருஷன் வூட்டுக்கு சைக்கிள்லயா போவப்போற?" என்றார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கோபத்துக்கு இப்போது பதினாறு வயது.

"இது வேணாங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். சண்முகம் கடைக்காரரிடம் ஏதோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி தலையாட்டிவிட்டுப் பின்னால் வந்தார்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் ஃபோனில் சைக்கிள் வீடியோவாகப் பார்த்தேன். அவற்றில் பேசுகிற வெள்ளைக்காரர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அவர்கள் ரோட்டில் மாடு படுத்திருக்கவில்லை. அவர்கள் சொல்வதில் நமக்கு ஆகிறது எது என்று பிரித்துப் பிரித்துச் சீட்டில் எழுதினேன்.

வண்டி கிடைத்தது ரத்தம் எடுக்கப் போன ஒரு வீட்டில். செவிலிமேட்டில் புதிதாக வீடு கட்டி வந்தவர்கள். மாடியில் ஒரு ரோடு பைக். வளைந்த ஹேண்டில் பாரில் ஈரத் துண்டு காய்ந்தது. சீட்டின்மேல் ஒரு தலையணை உறை.

"தம்பி, இது யாரு வண்டி?"

"என்னுதுதான்க்கா. லாக்டவுன்ல வெயிட் குறைக்கலாம்னு வாங்கினேன். ஒரு பத்து ரைடு போயிருப்பேன். அப்புறம் ஆபீஸ் ஓப்பன் பண்ணிட்டாங்க. ஏன்க்கா, உங்க பையனுக்கா?"

இவனுமா! "எனக்குடா தம்பி" என்றேன். அந்தப் பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. "சூப்பர்க்கா. ஹைட் செட் ஆகுதான்னு ஏறிப் பாருங்க" என்று துண்டை எடுத்துவிட்டு வண்டியை இறக்கிக் கொடுத்தான். இவ்வளவு நாளில் என்னை வண்டியில் ஏறிப் பார்க்கச் சொன்ன முதல் ஆள் அவன்தான்.

வாங்குவதற்கு முன்னால் எங்கள் தெருமுனை பாஷா பாயிடம் காட்டினேன். முப்பது வருடமாக சைக்கிள் ரிப்பேர் பார்க்கிறவர். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ரிம் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து, கோணல் இருக்கிறதா என்று பார்த்தார். செயினை விரலால் இழுத்துப் பார்த்தார். ஃபிரேமைச் சுண்டிப் பார்த்தார்.

"ஸ்டீலுமா. நல்ல பொருளு. அலுமினியம்னா ஒடிஞ்சா தூக்கிப் போட வேண்டியதுதான். இது வளைஞ்சா தட்டலாம், ஒடிஞ்சா வெல்டு வெக்கலாம்."

"பிரேக்கு பாய்? டிஸ்க் இல்லயேன்னு இவரு சொல்றாரு."

"டிஸ்க்கு ரிப்பேர் ஆனா மெட்ராஸுக்கு எடுத்துக்கினு போவணும். இது ரிம்மைப் புடிக்கிற கட்டை. தேஞ்சா கட்டை மாத்துனா போதும். நானே மாத்திக் குடுப்பேன். கவலையே படாத."

சண்முகம் அன்றைக்கும் கூட வந்திருந்தார். "பாய் சொன்னா சரி" என்றார். நான் சொன்னால் சரியில்லை போலிருக்கிறது.

பழைய டயர் ரொம்பவே ஒல்லி. நம் பள்ளங்களுக்கு ஆகாது என்று ஒரு சுற்று தடித்த டயராக மாற்றினோம். காற்றடிக்கிற வால்வு ஊசி மாதிரி இருந்தது. எந்தப் பஞ்சர் கடைப் பம்பும் அதில் பொருந்தாது என்று பாய் ஒரு பித்தளை மூடி வாங்கி மாட்டினார். கேரியர், மட்கார்டு, மணி எல்லாம் ஏறியது. எல்லாம் சேர்த்தும், மலை ஏறுகிற வண்டியின் விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்தது.

முதல் நாள் நாற்பது நிமிடத்தில் ஐயம்பேட்டை போய்ச் சேர்ந்தேன். வழியில் அந்த டவுன் பஸ்ஸை ஒரு நிறுத்தத்தில் முந்தினேன். மணியை வேண்டுமென்றே நாலு தடவை அடித்தேன். அதற்குப் பிறகு மூன்று மாதம் ஒரு நாள்கூட எனக்கு லேட் ஆகவில்லை.

எண்ணெய் படாத இரும்பு

ஆயுத பூஜை வந்தது.

எங்கள் தெருவில் ஆயுத பூஜைக்குத் தறி நிற்கும். சண்முகம் ஊடை நூல் ஓட்டுகிற நாடாவைத் துடைப்பார், கத்தரியைத் துடைப்பார், எண்ணெய் தொட்ட துணியால் தறியின் மரத்தையும் இரும்பையும் ஒரு கை பார்ப்பார். பளபளவென்று இருந்தால்தான் சாமிக்கு வைத்த மாதிரி. அவர் மட்டுமில்லை, தெருவே அப்படித்தான். தையல் மெஷின், அரிவாள்மனை, தண்ணீர் மோட்டார் என்று அன்றைக்கு எண்ணெய் படாத இரும்பே இருக்காது.

நான் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். "மதி, வெளிய வா" என்று கூப்பிட்டார்.

சைக்கிளைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வளைந்த ஹேண்டில் பாரில் சாமந்தி மாலை சுற்றி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். வண்டி கண்ணாடி மாதிரி மின்னியது. "எப்டி இருக்குது?" என்றார்.

சந்தோஷமாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஓட்டத் தெரியாத மனுஷன் என் வண்டியை இவ்வளவு அழகாகத் துடைத்திருக்கிறாரே என்று கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

மறுநாள் விஜயாவுக்கு ரத்தம் எடுக்கிற நாள். அன்றைக்கு நரம்பு ரொம்பப் படுத்தியது. மூன்றாவது குத்தில்தான் வந்தது. பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். பிரேக் கொஞ்சம் வழுக்குகிற மாதிரித் தெரிந்தது. சந்தனம் காய்ந்ததும் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

வாலாஜாபாத் ரோட்டில் எனக்கு முன்னால் போன ஷேர் ஆட்டோ, ஒருவர் கைகாட்டியதும் சட்டென்று நின்றது. இரண்டு பிரேக்கையும் அழுத்தினேன். கை ஹேண்டிலோடு ஒட்டிப்போகிற அளவுக்கு அழுத்தினேன். வண்டி நிற்கவில்லை. நான் அழுத்தியதே தெரியாத மாதிரி அது பாட்டுக்குப் போய் ஆட்டோவின் பின்பக்கம் மோதியது.

முழங்கை உரிந்தது. அது போகட்டும். பெட்டி பிடுங்கிக்கொண்டு போய்த் தார் ரோட்டில் விழுந்து திறந்துகொண்டது. குழாயின் மூடி தனியாகக் கிடந்தது. மூன்று குத்துக் குத்தி எடுத்த விஜயாவின் ரத்தம் ஐஸ் துண்டுகளின்மேல் கொட்டிக் கிடந்தது.

ஆட்டோக்காரர் இறங்கி வந்து, "பாத்து வரக்கூடாதாம்மா?" என்றார். ஏழு மணிக்குப் படியில் வெறும் வயிறுகள் உட்கார்ந்திருக்கும். காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே ஓட்டி லேப்புக்குப் போனேன்.

பத்து மணிக்கு மேல், காத்திருந்தவர்களை அனுப்பிவிட்டு, விஜயா வீட்டுக்குத் திரும்பிப் போனேன்.

லேப்பில் வேலை செய்கிற எல்லோருக்கும் ஒரு பொய் தெரியும். குழாய் உடைந்தாலும் தொலைந்தாலும் மாறிப்போனாலும், எடுத்த ரத்தம் குழாயிலேயே உறைந்துவிட்டது என்கிற அந்த ஒரே பொய்தான். அதைத்தான் சொன்னேன்.

"ரத்தம் கட்டியாயிடுச்சி விஜயா. இன்னொரு வாட்டி எடுக்கணும்."

"என் ரத்தமே அப்டிதான் போல மதி. உனக்குதான் எவ்ளோ செரமம்" என்று அதே இடது கையை நீட்டினாள். அன்றைக்கு அவள் பிளவுஸைப் பற்றிப் பேசவில்லை. நான் அதைக் கவனித்தேன். வேலை முடிந்தால் போதும் என்று வந்துவிட்டேன். பரிசோதனையில் அணுக்கள் நன்றாகவே இருந்தன. ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டேன்.

யார் போட்டது?

பாஷா பாய் ஒரு கல்யாணத்துக்கு ஆற்காடு போயிருந்தார். அந்த நாலு நாளும் காலைத் தேய்த்துத்தான் வண்டியை நிறுத்தினேன். ஒரு செருப்பு போயிற்று. அந்த நாலு நாளும் சண்முகம் ஒரே பாட்டைப் பாடினார். "அந்தக் கடைக்காரரு அப்பவே சொன்னாரு. டிஸ்க் பிரேக் வாங்கியிருக்கலாம். நீதான் கேக்கல. பேசாம இத வித்துடு."

நானும் கொஞ்சம் கொஞ்சமாக நம்ப ஆரம்பித்துவிட்டேன். தப்பான வண்டியைத்தான் வாங்கிவிட்டேனோ? இது போனால் மறுபடியும் அந்தப் பஸ். மறுபடியும் எட்டே கால். அப்புறம் வேலையும் போகும்.

பாய் வந்த அன்று சாயங்காலம் இரண்டு பேரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம். கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். பாய் ரிம்மில் விரலை வைத்துத் தேய்த்து, விரலை மோந்து பார்த்தார்.

"அரே! ரிம்முல யாரு எண்ணெ போட்டது?"

பாய் விரலைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"கட்டை புடிக்கிற எடமே இதுதான். இதுல எண்ணெ போட்டா எப்டி நிக்கும்? இன்னாமா மதி, இவ்ளோ வெவரம் தெரிஞ்சிக்கினு நீயே இப்டிப் பண்ணிட்டியே."

நின்றிருந்த நாலு பேரும் சிரித்தார்கள். "பொம்பளைங்க பூஜைன்னா எதுக்குமே எண்ணெதான்" என்றார் ஒருவர்.

நான் சண்முகத்தைப் பார்த்தேன். அவர் சுவரில் தொங்கிய டயர்களை, விலைக்கு வாங்கப் போகிறவர் மாதிரி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வார்த்தை போதும். "நான்தான் பாய், தெரியாம போட்டுட்டேன்." அவ்வளவுதான். சொல்லவில்லை. நானும் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. பதினாறு வருடப் பழக்கம்.

பாய் ரிம்மைப் பெட்ரோல் போட்டுத் துடைத்தார். பிரேக் கட்டையை உப்புத்தாளில் தேய்த்தார். பத்து நிமிட வேலை. வண்டி சொன்ன இடத்தில் நின்றது. வண்டியில் ஒரு குறையும் இல்லை.

தெருவில் நடக்கும்போதே கேட்டேன். "ஏன் வாயத் தொறக்கல?"

"நாலு பேரு இருந்தாங்க மதி."

"அந்த நாலு பேருதான் என்னப் பாத்து சிரிச்சாங்க."

"உன்ன சொன்னா யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க. பொம்பளைக்குத் தெரியலன்னு வுட்டுடுவாங்க. என்ன சொன்னா அப்டியா?"

வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு நான் கத்தியது அடுத்த தெரு வரைக்கும் கேட்டிருக்கும். "நீங்க பண்ண தப்ப என் தலயில கட்டிட்டு, நாலு நாளா என் வண்டியயும் திட்டிக்கினு இருந்தீங்களே! என் முழங்கையப் பாத்துக்கினேதானே திட்டினீங்க? தப்பு யாருதுன்னு தெரியாம நான் என்ன நானே சந்தேகப்பட்டுக்கினு இருந்தேன்!"

சொல்லி முடித்தபோது எனக்கு விஜயா ஞாபகம் வந்தாள்.

என் ரத்தமே அப்படித்தான் போல என்று சொன்னாளே. அவள் தலையில் அதைக் கட்டியது யார்? சண்முகமாவது வாயை மூடிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்து சொன்னேன்.

விஜயா வீட்டு வாசல்

சைக்கிளை எடுத்துக்கொண்டு அப்போதே கிளம்பினேன். விளக்கு வைக்கிற நேரம். விஜயாவின் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"நல்ல வேள வந்தம்மா. நீயாவது சொல்லு. நாளைக்கு மருந்து ஏத்தணும், வர மாட்டேன்றா. ரிப்போர்ட் நல்லாத்தான் இருக்குதுன்னு சொன்னாலும் கேக்கல. ரத்தமே கட்டியாயிடுச்சாம். இனிமே ஏத்தி இன்னா புண்ணியம்ன்றா."

உள்ளே போனேன். தையல் மெஷின்மேல் துணி போட்டு மூடியிருந்தது. விஜயா பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

நின்றபடியே சொன்னேன். உட்கார எனக்கு யோக்கியதை இல்லை. "விஜயா, உன் ரத்தம் கட்டியாவல. நான் சைக்கிள்ல இருந்து வுழுந்துட்டேன். குழாய் தொறந்து ரோட்ல கொட்டிடுச்சி. திட்டுவியேன்னு பொய் சொன்னேன். உன் ரத்தத்துல ஒரு கொறயும் இல்ல."

அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"நாலு நாளா நான் செத்துக்கினு இருக்கேன் மதி" என்றாள். குரல் முதலில் மெதுவாகத்தான் வந்தது. "எம் பொண்ணுக்கு எந்த நகைன்னு எடுத்து வெச்சிட்டேன். மெஷின யாருக்குக் குடுக்கணும்னு இவர்ட்ட சொல்லிட்டேன். கொட்டிடுச்சின்னு சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்பேன்? கைய நீட்டியிருப்பேன். அவ்ளோதானே? உன்ன கடிச்சா தின்னுடுவேன்?"

"தப்புதான் விஜயா."

"போ. வெளிய போ. இனிமே என் கையத் தொடாத."

இவ்வளவு நாள் நான் பட்ட கோபமெல்லாம் ஒரு கோபமே இல்லை என்று அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்தது. அவள் கோபம் சரியான இடத்தில் வந்து விழுந்தது. வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

மறுநாள் அவள் மருந்து ஏற்றிக்கொள்ளப் போனாள். சண்முகமும் அன்றைக்கே பாயிடம் போய், எண்ணெய் போட்டது தான்தான் என்று சொல்லிவிட்டு வந்தார். பாயே என்னிடம் சொன்னார். இரண்டு நாள் கழித்து சண்முகத்தோடு பேசினேன்.

விஜயா இன்னும் பேசவில்லை. மூன்று வாரம் கழித்து அவளுக்கு ரத்தம் எடுக்க வேறு ஒரு லேப்பிலிருந்து சின்னப் பெண் ஒருத்தி போனாள். ஆறு குத்தாம். அழுதுவிட்டாளாம். ஊசி குத்தியவள்தான் அழுதாள், விஜயா இல்லை.

அந்தப் பெண்ணின் நம்பரைத் தேடிப்பிடித்துக் கூப்பிட்டேன். "இடது கை, கட்டவிரல் பக்கமாப் பாரும்மா. முதல்ல வெந்நீர்ல துணி நனைச்சி அஞ்சி நிமிஷம் ஒத்தடம் குடு. சின்ன ஊசியா எடுத்துக்க. அவசரப்படாத. அவங்க பேசுனா பேச வுடு" என்று சொன்னேன்.

அடுத்த தடவை ஒரே குத்தில் வந்துவிட்டது என்று சந்தோஷமாக ஃபோன் செய்தாள். "யாரு சொல்லிக் குடுத்ததுன்னு அவங்க கேட்டாங்கக்கா. இன்னா சொல்லட்டும்?"

"நீயே கண்டுபுடிச்சேன்னு சொல்லு" என்றேன்.

அதுவும் பொய்தான். சொல்லிவிட்டு, கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.